பெயர் சொல்லி அழைக்கும் நாடு

அன்று கெடா அரசாங்க உபகாரச் சம்பளத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் கேம்பிரிட்ஜ் சென்றார். இன்று சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகளும் பிரிட்டன் போகிறார்கள்.

வரிசையில் நிற்பது, முள்கரண்டி பிடிப்பது எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். விரிவுரையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் நாக்கு எழாது. தாத்தா வெள்ளைக்காரத் துரை முன் கைகட்டி நின்றவர் அல்லவா! பேரன் பின்வரிசையில் மௌனமாக உட்கார்ந்துவிடுகிறான். நமக்கு அது அடக்கம். அங்கே, பாடம் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். "ஆர் யூ ஆல்ரைட்?" என்பதும் வெறும் வணக்கம்தான், நலம் விசாரிப்பு அல்ல. சிரமத்தை நாமாகத்தான் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கென்றே பல பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசக ஆசிரியரை நியமிக்கிறார்கள்.

பெற்றோர்களே, தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்பதோடு, "இந்த வாரம் அவரைப் பார்த்தியா?" என்றும் கேளுங்கள்.