தேசப்படத்திடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்



பள்ளி வகுப்பறையிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் சுவரில் தொங்கும் தேசப்படத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். அச்சிடப்பட்டது என்பதாலேயே அது காட்டுவது அனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். படத்தை நம்புமுன் அதனிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதற் கேள்வி: இப்படம் எம்முறையில் வரையப்பட்டது? உருண்டையான புவியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடிவமோ, பரப்போ, தொலைவோ ஏதேனும் ஒன்று பிறழ்ந்தே தீரும். 1569ஆம் ஆண்டில் மெர்காட்டர் வெளியிட்ட உலகப்படம் மாலுமிகளின் தேவையைக் கருதி வரையப்பட்டது. கப்பலைச் செலுத்தவேண்டிய திசையை அதில் நேர்க்கோடாக வரைந்து அறியலாம். ஆனால் நிலநடுக்கோட்டை விட்டுத் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல, நிலப்பரப்புகள் அதில் மிகையாகப் பெருத்துத் தோன்றும். அப்படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பன்மடங்கு பெரிதாகக் காணப்படும். உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.7 இலட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பு சுமார் 32.9 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது நம் நாடே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது.

இரண்டாம் கேள்வி: இப்படத்தின் அளவுகோல் என்ன? இந்தியாவின் கடற்கரை நீளம் 7,516 கிலோமீட்டர் என்று பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். 1970களில் கணக்கிடப்பட்ட அந்த நீளத்துக்கு அடிப்படையாக இருந்த படத்தில் ஒரு சென்டிமீட்டர் 45 கிலோமீட்டரைக் குறித்தது. அண்மையில், ஒரு சென்டிமீட்டர் இரண்டரை கிலோமீட்டரைக் குறிக்கும் விரிவான படத்தைக் கொண்டு மீண்டும் அளந்தபோது, நீளம் 11,098 கிலோமீட்டர் என்றாயிற்று. உள்துறை அமைச்சகத்தின் 2023-24ஆம் ஆண்டறிக்கை இதனை வெளியிட்டது.

நிலம் வளர்ந்து விட்டதா? இல்லை. ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள கழிமுகம் பழைய படத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும்; புதிய படத்தில் அது இரண்டு சென்டிமீட்டர். முன்பு கோட்டின் தடிப்பிலேயே மறைந்துபோன உப்பங்கழிகளும் வளைவுகளும் இப்போது கணக்கில் வந்தன. மேற்கு வங்கத்தின் கடற்கரை 157 கிலோமீட்டரிலிருந்து 721 கிலோமீட்டராகவும், குஜராத்தின் கடற்கரை 1,214லிருந்து 2,340 கிலோமீட்டராகவும் உயர்ந்தன. 906 கிலோமீட்டராக இருந்த தமிழ்நாட்டின் கடற்கரை 1,068 ஆகி, 973லிருந்து 1,053 கிலோமீட்டருக்கு உயர்ந்த ஆந்திரப் பிரதேசத்தை முந்தியது.

இது வெறும் எண் விளையாட்டன்று. கரையை அரிப்பிலிருந்து காக்கவும், புயல் காப்பிடங்களுக்கு இடம் தேர்ந்தெடுக்கவும் படத்தைப் பார்த்தே திட்டமிடுகிறோம். சிறு படத்தில் தென்படாத கழியின் ஓரத்திலும் மீனவர் குடியிருப்பு இருக்கும். படத்தில் விடுபட்ட கரை, திட்டத்திலும் விடுபட்டுப் போகக்கூடும்.

மூன்றாம் கேள்வி: இப்படம் எந்த ஆண்டின் நிலையைக் காட்டுகிறது? நாட்டின் தென்கோடி கன்னியாகுமரி என்று பலர் எண்ணுகின்றனர். கன்னியாகுமரி பெருநிலப்பரப்பின் முனை மட்டுமே. இந்தியாவின் தென்கோடி, பெரிய நிக்கோபார் தீவின் இந்திரா முனை. அங்கிருந்து சென்னைக்கு 1,500 கிலோமீட்டருக்கும் மேல். இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கோ 200 கிலோமீட்டருக்கும் குறைவே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் அம்முனை நான்கு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. அதுவரை நிலத்தின்மேல் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல்நீர் சூழ்ந்தது. அதற்கு முந்தைய படத்தில் நிலம் என்று கண்ட இடம் ஒரே நாளில் கடலாயிற்று.

எம்முறை, எவ்வளவு, எவ்வாண்டு என்னும் இம்மூன்றும் பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். மாணவர்கள் முதலில் அந்த ஓரத்தைப் படிக்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். அலுவலர்கள் அதைப் படித்தபின், படத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, அது குறிக்கும் இடத்துக்கே ஒருமுறை சென்று பார்த்துவருதல் வேண்டும். கோப்பில் கையெழுத்திடுவது அதன்பின் ஆகட்டும்.