கார் சார்ஜ் போட வயர் எங்கிருந்து வர வேண்டும்?

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். டிபன் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன வருடம் மின்சாரக் கார் வாங்கிய புதிதில், முதல் மாடி பால்கனியிலிருந்து வயரைக் கீழே தொங்கவிட்டது நான்தான். துணி காயப்போடும் கொடியா என்று சிலர் கேட்டீர்கள். மூன்றாவது வாரம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இளகிக் கருகிய வாடை வந்தது. மூன்றாம் மாடி மாமி பார்த்துச் சத்தம் போடாவிட்டால், பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரும் சேர்ந்து போயிருக்கும். அன்று இரவு நான் தூங்கவில்லை.

கெய்சரும் 15 ஆம்ப் பிளக்கில்தான் ஓடுகிறது. ஆனால் அது தண்ணீர் சுட்டதும் தானாக அணைந்துவிடும். கார் அப்படியில்லை, மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். பிளக் கொஞ்சம் லூசாக இருந்தாலும் அந்த இடம் சூடேறிக்கொண்டே போகும். அதனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

சரி, வாட்ச்மேன் ரூம் பிளக்கில் சொருகலாமா? அது பொது மீட்டர். கார் இல்லாத வீட்டாரும் அந்த பில்லுக்குப் பணம் கட்டுகிறார்கள். தண்ணீர் லாரிக் கணக்கில் நாம் போடும் சண்டையே போதும்.

நல்லவேளையாக நம் ஈ.பி. மீட்டர்கள் எல்லாம் கீழே ஸ்டில்ட்டிலேயே இருக்கின்றன. உங்கள் மீட்டரிலிருந்து உங்கள் கார் நிற்கும் இடத்துக்குத் தனி லைன் இழுப்பதுதான் சரியான வழி. வீட்டு இணைப்பிலிருந்தே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்.சி.பி., ஷாக் அடித்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த். எர்த்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சாக்கெட்டை நெஞ்சு உயரத்தில் வையுங்கள். 2015லும் 2023லும் ஸ்டில்ட்டில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று சுவரே சொல்லும்.

'பெரிய சார்ஜர் வேண்டாமா?' என்று கேட்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டினால் ஐந்து யூனிட். சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் இரண்டு மணி நேரம் சொச்சம். ராத்திரி போட்டால் நீங்கள் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும். பத்து வீட்டிலும் 7 கிலோவாட் சார்ஜர் வைத்து ஒரே நேரத்தில் போட்டால் 70 கிலோவாட். நம் மெயின் கேபிள் அதற்குப் போட்டதல்ல.

பில்லையும் யோசியுங்கள். தினம் ஐந்து யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 300. அதோடு வீட்டுக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப் படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும். அப்படியும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் எனக்கு லாபம்தான். ஆனால் முதல் பில் வந்த அன்று வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல முடியாது.

பின்பக்கம் திறந்தவெளியில் நிறுத்தும் நான்கு வீட்டாருக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. மீட்டரிலிருந்து தூரம் அதிகம், மேலே கூரையும் இல்லை. அவர்களுக்காக மட்டும் விசிட்டர் பார்க்கிங்கில் ஒரு பாயிண்ட்டை சப்-மீட்டரோடு வைக்கலாம் என்பது என் யோசனை. அதில் கணக்குத் தகராறு வரும், வரட்டும். அவர்களும் நம்மைப் போல மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்கள்தானே.

இன்று நான் கேட்பது ஒன்றுதான். ஆளுக்கொரு பக்கம் சுவரைக் குடையாமல், மீட்டர் பலகையிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரே பைப் வழி போடத் தீர்மானம் வேண்டும். கார் வாங்கும் எண்ணம் இப்போது இல்லாதவர்களும் கை தூக்குங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வருகிறார். உங்கள் பார்க்கிங் எண்ணை அதற்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.