மேடையும் சமூகநீதியும்: அடையாற்றுக் கலை நிகழ்வு ஒன்றை முன்வைத்து

 

1. வழக்கு

கல்லூரி வளாகத்தில் சமூகநீதியின் எல்லை எது என்பது அறிஞரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. இடஒதுக்கீடு, அதாவது சேர்க்கையிலும் பணியிலும் பின்தள்ளப்பட்டோருக்குச் சட்டம் உறுதிசெய்யும் பங்கு, நிறைவேறியபின் கலைவிழா மேடையில் திறமை ஒன்றே அளவுகோல் என ஒரு சாரார் கூறுவர். பல மாநில ஆடல்களை ஒரே மாலையில் நிகழ்த்திவிட்டால் பன்மைத்துவத்துக்கு உரியது செய்தாயிற்று என்றும் அவர்கள் கொள்வர். இவ்வுரை அதனை மறுக்கிறது. எது கலை, அதைக் கற்பிப்பவர் யார், ஆடுபவர் யார், மதிப்பிடுபவர் யார் என்பவை மேடையில்தான் முடிவாகின்றன. ஆகவே மேடையும் சமூகநீதிக்கு உட்பட்டதே. அதற்கான சான்று சென்னை அடையாற்றிலேயே உள்ளது.

2. 1935ஆம் ஆண்டு நிகழ்வு

1935 டிசம்பரில், பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டையொட்டி, அதன் அடையாறு வளாகத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் பரதநாட்டியம் ஆடினார். அதுவரை சதிர் எனப்பட்ட அவ்வாடல், கோயிலையும் அவையையும் சார்ந்து வாழ்ந்த, பின்னர் இசை வேளாளர் என அறியப்பட்ட குடும்பங்களின் வழிவழிக் கலையாக இருந்தது. ருக்மிணி தேவிக்குக் கற்பித்தவர்களும் அம்மரபினரே. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அவர் பயின்றார். 1936இல் அவர் நிறுவிய கலைப்பள்ளியான கலாக்ஷேத்திரம் தோன்றியது. 1962இல் திருவான்மியூருக்குப் பெயர்ந்தது. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

இந்நிகழ்வால் கலை அழியாமல் காக்கப்பட்டது என்றும், எந்தக் குடும்பத்துப் பெண்ணும் ஆடலாம் என்ற துணிவு பிறந்தது என்றும் எதிர்த்தரப்பார் கூறுவது உண்மையே. ஆனால் அதே மேடையில் வேறொன்றும் நிகழ்ந்தது. சதிர்க் கச்சேரியில் ஆடலை நடத்தும் ஆசானான நட்டுவனாரும் பக்கவாத்தியக்காரரும் ஆடுபவரின் பின்னே நின்று, அவர் முன்னேறினால் முன்னேறியும் பின்வாங்கினால் பின்வாங்கியும் இசைப்பர். புதிய மேடையிலோ அவர்கள் ஒருபுறமாக அமர்ந்தனர். மேடையில் நடராசர் திருவுருவம் இடம்பெற்றது, உடை மாறியது, சிருங்காரம் மிகுந்த பதங்கள் ஒதுக்கப்பட்டன. நட்டுவாங்கம், அதாவது தாளமும் சொற்கட்டும் கொண்டு ஆடலை நடத்தும் பொறுப்பு, மரபுக் குடும்பங்களுக்கு வெளியே வந்தவர்களிடமும் சென்றது.

இதற்கிடையே பொட்டுக்கட்டும் வழக்கத்தை, அதாவது சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை, ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டம் 1947இல் சட்டமாகக் கனிந்தது. அச்சட்டம் நியாயமானது, அதில் இவ்வுரைக்கு மாறுபாடில்லை. எனினும் வழக்கத்தின்மீது விழுந்த பழி, அக்குடும்பத்துப் பெண்களின்மீதும் அவர்கள் ஆடிய ஆட்டத்தின்மீதும் சேர்ந்தே விழுந்தது. அவர்களுள் பலர் தம் பெண்மக்களைச் சலங்கை கட்டவிடாமல் தடுத்தனர். அதே காலத்தில் வசதியும் ஓய்வும் செல்வாக்கும் உடைய வீட்டுப் பெண்கள் அக்கலையைப் பெருமையோடு கற்றனர். கௌரி அம்மாள் கலாக்ஷேத்திரத்தில் அபிநயம் கற்பித்தார். அவருடைய அறிவுக்கு அங்கே இடம் இருந்தது. ஆனால் அவருடைய மரபில் வந்த அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு அம்மேடையில் இடம் உண்டா என்ற கேள்வி உரிய அளவில் எழுப்பப்படவில்லை.

இங்கே வழக்கின் முடிச்சு அவிழ்கிறது. அம்மேடையில் ஏற எந்த விதியும் எவரையும் தடுக்கவில்லை. ஆயினும் ஒரு தலைமுறைக்குள் மேடை கைமாறியது. தடை இல்லை என்பதும் இடம் உண்டு என்பதும் ஒன்றல்ல. மேடையில் திறமை ஒன்றே அளவுகோல் என்போர் முதலாவதை மட்டும் கண்டு இரண்டாவதும் நிறைவேறியதாகக் கொள்கின்றனர்.

3. பிற்காலச் சான்றுகள்

தடை இன்மைக்கும் இடம் உண்மைக்கும் இடையிலான இவ்விடைவெளி பிற்காலத்திலும் தொடர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் மாணவர்கள் தொடங்கிய அம்பேத்கர்–பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் 2015 மே மாதம் நீக்கப்பட்டு, நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப்பின் ஜூன் மாதம் திரும்ப வழங்கப்பட்டது. மைய அரசுக் கல்வி நிறுவனங்களில் பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் அளித்த 2006ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின்னும், வளாகத்தில் கூடிப் பேசும் உரிமைக்குத் தனியே போராட நேர்ந்ததை இது காட்டுகிறது. இடம் அளிப்பதற்கோ வேறொரு சான்று உண்டு: சென்னையில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கருநாடக இசையையும் பரதநாட்டியத்தையும் பிற கலைகளையும் மீனவர் குப்பத்தில் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. கல்லூரிகள் அம்முயற்சியை ஊன்றி நோக்க வேண்டும்.

4. இனிச் செய்ய வேண்டுவன

மேடையில் யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதை அறியக் கல்லூரிக் கலைவிழா அழைப்பிதழ்கள் தொகுக்கப்பட வேண்டும். நடுவர்கள் எவ்வாறு தெரிவாகின்றனர் என்பதும், பறை, தெருக்கூத்துக் கலைஞர் பெறும் சன்மானம் மற்றவர் பெறுவதோடு ஒப்பிட எவ்வளவு என்பதும் ஆராயப்பட வேண்டும். கானாப் பாடலுக்குப் போட்டிப் பிரிவு உண்டா என்பதும், இசை வேளாளர் குடும்பங்களின் வாய்மொழி வரலாறும் தனித்தனி ஆய்வுக்கு உரியன. மூத்த கலைஞர் பலர் முதுமையில் இருத்தலின், வாய்மொழிப் பதிவை இளம் ஆய்வாளர் முதலில் மேற்கொள்வது நன்று.