நின்றால் வலி, குனிந்தால் சுகம்

(துடியலூர் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



கற்றல் விளைவுகளைப் பற்றிப் பேசும் இந்தக் கூட்டத்தில் இடுப்பு வலிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய வேலை நின்றுகொண்டே செய்யும் வேலை. காலை வணக்கக் கூட்டத்தில் தொடங்கி, கடைசி மணி அடிக்கும்வரை நிற்கிறோம். ஐம்பதைத் தாண்டிய பலர், "இன்னும் கொஞ்ச வருஷந்தானுங்களே, ஓட்டிரலாம்" என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். விருப்ப ஓய்வு வாங்கிவிடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. நான் மருத்துவர் இல்லை, அறிவியல் ஆசிரியர். படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இடுப்பு வலிகளில் ஒரு வகை, இடுப்புப் பகுதித் தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம். மருத்துவர்கள் சீட்டில் லம்பார் கேனல் ஸ்டெனோசிஸ் என்று எழுதுவார்கள். முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்போது, அவற்றின் நடுவே ஒரு கால்வாய் அமைகிறது. தண்டுவடம் மேல் இடுப்பிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே, கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் குதிரைவால்போல ஒரு கற்றையாக இறங்குகின்றன. வயது ஏற ஏற, எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு தேய்ந்து பிதுங்குகிறது, பின்பக்க மூட்டுகள் பெருக்கின்றன, தசைநார் தடிக்கிறது. வண்டல் படிந்த வாய்க்கால்போல, நரம்புகளுக்கான இடம் குறுகிவிடுகிறது. நெதர்லாந்து நாட்டு நரம்பு அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது தனி நோயாகப் பரவலாக அறியப்பட்டது.

இதன் அடையாளம் எளிது. நின்றாலோ நடந்தாலோ இடுப்பிலிருந்து பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று வலியோ மரமரப்போ இறங்கும். உட்கார்ந்தால் அல்லது முன்னே சாய்ந்தால் சில நிமிடங்களில் குறையும். காரணம், முதுகை நிமிர்த்தும்போது கால்வாய் இன்னும் குறுகுகிறது. குனியும்போது சற்று விரிகிறது. அதனால்தான் தெருமுனைக் கடைக்கு நடக்க முடியாத பெரியவர், துடியலூரிலிருந்து பெரியநாயக்கன்பாளையம்வரை சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்வருவார். மருதமலைப் படியில் ஏறும்போது உடல் முன்னே சாய்வதால் ஓரளவு சமாளிப்பவர், இறங்கும்போது தவிப்பார்.

கால் இரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அந்த வலி, உட்காராமல் சும்மா நின்றாலே அடங்கும். சைக்கிள் மிதித்தாலும் வரும். புகைப்பவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

அடுத்து, எம்.ஆர்.ஐ. படம். அறிக்கையில் 'கடுமையான சுருக்கம்' என்ற சொல்லைப் பார்த்ததும் பாதி உயிர் போய்விடுகிறது. அமெரிக்காவில் 1990இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகு வலியே இல்லாத 67 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கால்வாய்ச் சுருக்கம் இருந்தது. ஆகவே படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, காலில் பலம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

அறுவை சிகிச்சை இல்லாமல் என்ன செய்யலாம்? முதலிடம் உடற்பயிற்சிக்குத்தான். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சை நோக்கி மெல்ல இழுப்பது, வயிற்றுத் தசைக்கும் பிட்டத் தசைக்கும் பலமூட்டும் பயிற்சிகள், நிலையான சைக்கிள் மிதிப்பது ஆகியவை உதவும். நடையை விட்டுவிடக் கூடாது. வலி முற்றுவதற்கு முன்பே உட்கார்ந்து, தணிந்ததும் மீண்டும் நடக்க வேண்டும். முதுகைப் பின்னால் வளைக்கும் ஆசனங்களைத் தவிர்ப்பது நல்லது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் குனியும் பயிற்சிகளையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். யாருக்கு எது பொருந்தும் என்பதை இயன்முறை மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

பயிற்சியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 169 நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இயன்முறை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இரண்டு ஆண்டு முடிவில் உடல் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இயன்முறை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 57 விழுக்காட்டினர் அந்த இரண்டு ஆண்டுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். பயிற்சி எல்லோருக்கும் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. முதலில் பயிற்சியை முறையாக முயன்று பார்ப்பது நியாயம் என்றுதான் பொருள்.

வலி மாத்திரை சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்தம் என்று வேறு வினைகள் வரும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். 400 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டவர்களுக்கும், மரப்பு மருந்து மட்டும் போட்டவர்களுக்கும் ஆறு வாரத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி சர்க்கரை அளவைக் கூட்டும். எனவே தீர விசாரித்தே முடிவு செய்யுங்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் திடீரென அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமல் மலமோ சிறுநீரோ போனாலோ, உட்காரும் பகுதியில் உணர்ச்சி குறைந்தாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு மீளாமல் போகலாம். 'ஆபரேஷன் செய்தால் படுத்த படுக்கைதான்' என்ற பேச்சை நம்பி, தேவையான அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. இப்படிப்பட்ட அவசரம் அரிது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கும் இந்தத் தொல்லை இருக்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளிகளில் உட்கார்ந்து பாடம் நடத்தினால் சோம்பேறி என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பயந்துதான் பலர் வலியை வெளியே சொல்வதில்லை. வகுப்பறையில் சாய்மானமுள்ள ஒரு நாற்காலி, மாடி ஏற வேண்டாதபடி தரைத்தளத்தில் வகுப்பு, வணக்கக் கூட்டத்தில் உட்கார அனுமதி, நீண்ட நேரம் நிற்கும் பணியில் மாற்று ஆள். இவற்றுக்குத் தனி நிதி தேவையில்லை, மனம் இருந்தால் போதும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஓர் ஆசிரியரை நாற்காலி இல்லாத குறையால் இழந்தால், இழப்பு பிள்ளைகளுக்குத்தான்.

வலி இருப்பவர்கள் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, எதனால் குறைகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதுவே பாதி நோயறிதல்.