உருகுதல் வேறு; எரிதல் வேறு

(சிட்லபாக்கத்தில் ஆற்றிய உரை)

 

இவ்வூர் ஏரிக்கரையில் குப்பைமேடு கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 ஏப்பிரல் 27ஆம் நாள் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பற்றியெரிந்து, நாள்கணக்கில் புகைந்ததையும் அறிவீர்கள். "எரித்துவிட்டால் ஒழிந்தது" என்கிறோமே, எது ஒழிந்தது? அதனை இன்று எண்ணிப் பார்ப்போம்.

நெகிழி என்பது யாது? சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நெடுந்தொடர். ஆகவே அது பல்லுறுப்பி. பாலித்தீன் பையைச் சூடேற்றினால் 105 முதல் 135 பாகை செல்சியசுக்குள் உருகும். அப்போது தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமேயன்றி அறுந்துபோகா. உயிர்வளி புகாத கலத்தில் 400 பாகையை ஒட்டிச் சூடேற்றினாலோ தொடர்களே துண்டுதுண்டாய் அறும்; மெழுகும் எண்ணெயும் எரிவளியுமாய் மாறும்.

பி.வி.சி. எனும் நெகிழியின் போக்கு வேறு. அதன் தொடரில் குளோரின் பிணைந்துள்ளது. 200 பாகை அளவிலேயே அது உப்புக்காடி ஆவியைக் கக்கத் தொடங்கும். தெருவோரத் தீயில் வெப்பமும் சீராக இராது, உயிர்வளியும் போதாது. அரைகுறையாய் வெந்த கரித்துகளோடு குளோரின் கூடி, டையாக்சின் எனும் கொடுநஞ்சு பிறக்கும். அந்நஞ்சு உடற்கொழுப்பில் தங்கும், தாய்ப்பாலிலும் கலக்கும். அதனை அழிக்க 850 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இரண்டு நொடியேனும் புகையை நிறுத்தவல்ல உலை வேண்டும். நம் தெருமுனைத் தீ அவ்வுலை ஆகுமா?

வெப்பத்தின் அளவறிந்து பயன்கொண்டவரும் நம்மவரே. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன், ஏறத்தாழ 170 பாகைக்குச் சூடேறிய சல்லியின்மேல் நெகிழித் துண்டுகளைத் தூவினார். அவை உருகிக் கல்லைப் போர்த்தின. அதன்மேல் தார் எனப்படும் நிலக்கீலைச் சேர்த்துச் சாலையிட்டார். 2018இல் பத்மசிறீ விருது பெற்றார். உருக்கினாரேயன்றி எரித்தாரல்லர், பி.வி.சி.யை இவ்வேலைக்குச் சேர்ப்பதும் இல்லை. ஆதலின் பிரித்தல் முதற்பணி. அப்பணி நம் வீட்டு வாயிலில் தொடங்குகிறது.

தோழர்களே! பழந்தமிழில் 'ஞெகிழி' என்றால் கொள்ளிக்கட்டை. இன்று 'நெகிழி' என்பது நெகிழும் பொருள். ஓரெழுத்தே வேறுபாடு. நெகிழியை ஞெகிழி ஆக்காதீர்! ஏரிக்கரையிலோ தெருமுனையிலோ தீ மூட்டும் கையைத் தடுத்து நிறுத்துங்கள். மூட்டுவது நம் கையாயின் முதலில் அதனை நிறுத்துவோம்.