கண்டல் காட்டின் எஞ்சினியர்

கனடாப் பக்கம் பீவர் என்று ஒரு பிராணி. மரத்தைப் பல்லாலே அறுத்து, ஆற்றை மறித்து அணை கட்டும். அணைக்குப் பின்னால் குளம் தேங்கும். அதை நம்பி மீனும் தவளையும் பறவையும் வாழும்.

நம்முடைய மட்டக்களப்பு வாவியில் பீவர் கிடையாது. ஆனால் அதே மாதிரிச் சூழலையே மாற்றும் ஒரு வேலைக்காரன் இருக்கிறான்: கண்டல் மரத்தடிச் சேற்றில் வளை தோண்டும் சின்ன நண்டு. கறிக்கு வாங்குகிற பெரிய நண்டு இல்லை; இதைச் சட்டியில் போட்டால் ஓடுதான் மிஞ்சும்!

உதிர்ந்த கண்டல் இலையை இது வளைக்குள் இழுத்துப்போகும். தண்ணீரோடு போகவேண்டிய சத்து மரத்தடியிலேயே தங்கும். வளை வழியே காற்றும் நீரும் இறங்கும். அவுஸ்திரேலியாவில் கண்டல் காட்டின் ஒரு பகுதியில் நண்டுகளை அகற்றிப் பார்த்தார்கள். சேற்றில் சல்பைடு கூடியது, காட்டின் வளர்ச்சி குறைந்தது. 1991இல் வெளிவந்த ஆய்வு அது.

பார்க்க விருப்பமா? பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் போய், கண்டல் ஓரமாக அசையாமல் நில்லுங்கள். நிழல் ஆடினால் எல்லாம் வளைக்குள் ஓடிவிடும். கொஞ்சம் பொறுத்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். கைபேசியை மட்டும் மௌனமாக்கிவிட்டுப் போங்கள்.