அடிப்பக்கத்தைப் பாருங்கள்

மடிக்கணினி வாங்கப் போனால் எல்லாரும் முதலில் திரையைத்தான் பார்ப்போம். நான் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தேன். "என்ன சார், மாடு பிடிக்கவா வந்தீங்க?" என்றார் கடைக்காரர். மாட்டுக்குப் பல், கணினிக்குத் திருகாணி!

நான் பார்த்தது பழைய திங்க்பேட் டி480, 2018இல் வந்த மாடல். பின்மூடியைக் கழற்றினால் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். வேண்டியபோது மாற்றலாம். பேட்டரியும் இரண்டு, ஒன்றை மூடியைத் திறக்காமலே கழற்றிவிடலாம். இப்போது வரும் பல மெல்லிய மாடல்களில் ரேமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். ரேம் போனால் மதர்போர்டும் போச்சு.

லினக்ஸ் போட நினைப்பவர்களுக்கு வைஃபை சில்லு இன்னொரு தலைவலி. இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் கவலையில்லை, டிரைவர் கெர்னலிலேயே இருக்கும். பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்குத் தனியாக இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்!

அதனால் பென்டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றிக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கணினியில் நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, மூடித் திறந்தால் தூக்கம் கலைந்து எழுகிறதா? பத்து நிமிட வேலை.

முறைத்துக்கொண்டே நின்ற கடைக்காரர், பில் போடும்போது மெல்லக் கேட்டார்: "சார், அந்தப் பென்டிரைவ்ல இருக்கறதை எனக்கும் ஒரு காப்பி போட்டுத் தர்றீங்களா?"